நடக்காத கச்சேரிக்கு 75 பவுண்டு

பொருள்: 2009-ல் லண்டன் ஓ2 அரங்கில் மைக்கேல் ஜாக்சன் நடத்தவிருந்த கச்சேரியின் நினைவு டிக்கெட். விலை: ஒன்றுக்கு 75 பவுண்டு. வாங்கியவை இரண்டு. பத்து ஆண்டு சுவரில் இருந்தன, அதன் பிறகு அலமாரியில் இருக்கின்றன.

சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போனவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். நேராகப் பிடித்தால் பிள்ளையார், கொஞ்சம் சாய்த்தால் முருகன். பள்ளிக்கூடத்து அடிமட்டத்திலும் அதே வித்தை வரும். இந்த டிக்கெட்டும் அந்த இனம்தான். மேலே வரிவரியாக நெளிந்த பிளாஸ்டிக். ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி லென்ஸ். அடியில் பல படங்களைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். நாம் பார்க்கும் கோணத்துக்கு உரிய கீற்றுகள் மட்டும் கண்ணில் படும். நகத்தால் இழுத்தால் 'கிர்ர்' என்று பல் கூசும். தடிமனான அட்டை. அச்சில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு உருவம் மறைந்து அடுத்தது வருவதற்குள் நடுவில் இரண்டும் சேர்ந்து பேய்போல் நிற்கும். தேர்த்திருவிழாப் படத்திலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் விலை ஐந்து ரூபாய்.

ஒரு பக்கம் கலைஞன், மறு பக்கம் குற்றவாளி என்று இந்த அட்டையை உவமையாக்க வந்த நண்பர்கள் இதுவரை மூன்று பேர். மூவருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான் மைக்கேல் ஜாக்சனிடம் வந்ததே பிரபுதேவா வழியாகத்தான். 1996 நவம்பரில் ஜாக்சன் மும்பைக்கு வந்து ஆடியபோது நான் நர்சிங் மாணவி. டிக்கெட் விலையை விசாரிக்கவே துணிவு வரவில்லை. 2009 மார்ச்சில் லண்டனில் பத்துக் கச்சேரி என்று அறிவித்தார்கள். கூட்டத்தைப் பார்த்து ஐம்பதாக்கினார்கள், அவையும் சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. இரவுப் பணி முடித்து வந்து தூங்காமல் கணினி முன் உட்கார்ந்து, அடுத்த ஜனவரிக்கு இரண்டு இடம் பிடித்தேன். 150 பவுண்டு. அன்றைய கணக்கில் ஊருக்கு அனுப்பியிருந்தால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். என் கணவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் கணக்குப் போட்ட தாளை மேசையிலேயே விட்டுச் சென்றிருந்தார்.

ஜூன் 25, வியாழன். அறுவை அரங்கில் மயக்க மருந்துப் பிரிவில் எனக்கு இரவுப் பணி. லாஸ் ஏஞ்சலஸில் ஜாக்சன் இறந்துவிட்டதாக அறிவித்தபோது லண்டனில் எங்களுக்கு இரவு மணி பத்தரை. தேநீர் அறைத் தொலைக்காட்சி முன் எட்டுப் பேர் நின்றோம். நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் கானா நாட்டு அண்ணன் ஒருவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். இளம் மருத்துவர் ஒருவர் அதற்குள் கைப்பேசியில் வந்திருந்த நகைச்சுவையைப் படித்துக்காட்டினார். இரண்டு பேர் சிரித்தார்கள், அவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். விடியுமுன்பே நாகர்கோவிலிலிருந்து கொழுந்தன் அழைத்துவிட்டான். "மதினி, செய்தி உண்மைதானா? உங்கள் டிக்கெட் காசு திரும்பி வருமா?" இரண்டு கேள்விக்கும் நடுவில் அவன் மூச்சுகூட விடவில்லை.

ஹாலிவுட்டில் அவர் பெயர் பதித்த நட்சத்திரத்தை ஏதோ படத்தின் சிவப்புக் கம்பளம் மூடியிருந்ததால், அதே பெயருள்ள ஒரு வானொலிக்காரரின் நட்சத்திரத்தில் மக்கள் பூவைத்துவிட்டு வந்தார்கள். இங்கே ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில், அவர் பாடல்களை வைத்து மேடை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த லிரிக் தியேட்டர் வாசல் பூவால் நிறைந்தது. மறுநாள் மாலை லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடி அவரைப் போலப் பின்னோக்கி வழுக்கி நடந்தார்கள். அந்த நடையைக் கூட்டத்தில் செய்தால் பின்னால் இருப்பவர் காலைத்தான் மிதிக்க முடியும்.

எங்கள் ஈஸ்ட் ஹாமில் வேறு மாதிரி இருந்தது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நான் வழக்கமாக முருங்கைக்காய் வாங்கும் கடை யாழ்ப்பாணத்து அக்காவுடையது. ஏப்ரலிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் போராடினார்களே, அதில் அவர் பாதி நாள் அங்கேதான் இருந்தார். முள்ளிவாய்க்கால் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. கல்லாப்பெட்டிக்கு அருகில் இலவசப் பத்திரிகை கிடந்தது. முதல் பக்கம் முழுவதும் ஜாக்சன். அதைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஓர் ஆளுக்கு இந்த ஊர் இவ்வளவு அழுகிறதே தங்கச்சி. அழத் தெரியாத ஊர் என்று நினைத்திருந்தேன்." என் பையில் கச்சேரி உறுதிச் சீட்டு இருந்தது. முருங்கைக்காய்க்குக் காசு கொடுத்தேன். மீதிச் சில்லறையை வாங்க மறந்துவிட்டேன்.

சில நாளில் அறிவிப்பு வந்தது. கட்டணம் முழுவதும், சேவைக் கட்டணம் உட்பட, திருப்பித் தரப்படும். வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக அந்த டிக்கெட்டையே நினைவுப்பொருளாக அனுப்புவார்கள். ஜாக்சனே வடிவமைப்பில் பங்கெடுத்தது என்றார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அபாரமான மூளை. அட்டை ஒன்று அச்சிட எவ்வளவு ஆகிவிடப்போகிறது? நாம் கேட்காமல் விடும் ஒவ்வொரு 75 பவுண்டும் அங்கேயே தங்கிவிடும். இந்தக் காரணத்துக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

பூ வைப்பதற்குச் செலவு குறைவு. பணமா அட்டையா என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. என் கணவர் பணம் கட்சி. சிறுவனிடம் ஜாக்சன் முறைகேடாக நடந்துகொண்டதாக 1993-ல் எழுந்த புகார், அடுத்த ஆண்டு பணம் கொடுத்து முடித்த வழக்கு எல்லாம் அவருக்கு விரல்நுனியில். 2005-ல் இன்னொரு வழக்கில் நடுவர்குழு எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்ததே என்றால், "விடுவித்தார்கள், சரி. நம் பிள்ளையை அந்த வீட்டில் ஓர் இரவு விடுவாயா?" என்பார். பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போனேன். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் கிங் ஜாக்சனைக் கடுமையாக ஏசி ஒரு வீடியோ வெளியிட்டபோது என் கணவருக்கு ஆள் பலம் கிடைத்த மகிழ்ச்சி.

ஜூலை 7 அஞ்சலி நிகழ்ச்சி எங்களுக்கு மாலை ஆறு மணிக்கு. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்குக்கும் பக்கத்து நோக்கியா தியேட்டருக்கும் சேர்த்து 17,500 இலவசச் சீட்டு. குலுக்கலுக்குப் பதிவு செய்தவர்கள் 16 லட்சம் பேர். கணவர் சோபாவின் ஓரத்தில், பார்க்காதவர் போலச் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஜாக்சனின் பதினொரு வயது மகள் ஒலிவாங்கியைப் பிடித்து, அப்பாவைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் உடைந்துபோனாள். எங்கள் ஐந்து வயதுக்காரி என் மடியில் இருந்தாள். கணவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து, "அட்டையே வரட்டும். ஆனால் முன்னறையில் மாட்டக் கூடாது" என்றார். மாடிப்படிச் சுவரில் மாட்டினோம்.

ஆகஸ்டில்தான் எங்கள் தேநீர் அறைக்கு உண்மையான கோபம் வந்தது. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து அளவு மிஞ்சியே மரணம், இது கொலை என்று பிரேதப் பரிசோதனை அலுவலகம் அறிவித்தது. அந்த மருந்தை நான் தினமும் கையாள்கிறேன். சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து எடுத்த கொழுப்பும் கலந்த, பால் போன்ற வெள்ளைத் திரவம். ஊசியில் ஏற்றும்போது நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பேன். பதில் பாதியில் நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து அவர் மூச்சுக்கு நாங்கள் பொறுப்பு. தலைமாட்டில் ஒருவர் நகராமல் நிற்பார், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி இருக்கும். வீட்டுப் படுக்கையறையில், தூக்கம் வரவில்லை என்பதற்காக, இதை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் இல்லாமல் போவதா? முதல் நாள் நகைச்சுவை படித்துக்காட்டிய அந்த இளம் மருத்துவர்தான் அதிகம் கொதித்தார். 2011-ல் அந்த மருந்தை ஏற்றிய ஜாக்சனின் மருத்துவர் கான்ராட் மர்ரி குற்றவாளி எனத் தீர்ப்பாகி நான்கு ஆண்டுச் சிறை கிடைத்தது. இரண்டு ஆண்டில் வெளியே வந்துவிட்டார். இன்றும் ஜாக்சன் என்றால் எனக்கு மேடை நினைவுக்கு வருவதில்லை, ஆளில்லாத தலைமாடுதான் வருகிறது.

2010 ஜனவரியில் எங்கள் கச்சேரி நாளும் வந்தது. அன்றிரவும் எனக்குப் பணிதான்.

பிறகு 2019. சிறுவயதில் ஜாக்சன் தங்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக இரண்டு ஆண்கள் சொன்ன நான்கு மணி நேர ஆவணப்படம் வந்தது. அவர்களில் ஒருவர் 2005 விசாரணையில் ஜாக்சனுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர். ஜாக்சன் குடும்பம் அனைத்தையும் மறுத்தது. சில வானொலிகள் பாடல்களை நிறுத்தின. மான்செஸ்டர் கால்பந்து அருங்காட்சியகம் அவர் சிலையை எடுத்துவிட்டது. என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. முழுவதும் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, மாடிப்படியில் இருப்பதைக் கழற்றுகிறாயா, நான் கழற்றட்டுமா?" என்றாள். பத்து ஆண்டுக்கு முன் அவள் அப்பா கேட்ட கேள்வியை அவளிடம் சொல்லவில்லை. நானே கழற்றினேன். சுவரில் இரண்டு வெளிறாத செவ்வகங்கள் தெரிந்தன. அதன்மேல் அவள் பள்ளிச் சான்றிதழை மாட்டினோம், அளவு பொருந்தவில்லை.

தரம்: ஐந்துக்கு மூன்று. வெயில் படாமல் வைத்தால் நிறம் மங்குவதில்லை. சட்டம் போடும்போது பசை தடவாதீர்கள். என்னுடைய ஒன்றில் மூலை எழும்பிவிட்டது. இணையத்தில் வாங்குகிறவர்கள் புகைப்படத்தை நம்ப வேண்டாம், சாய்த்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். மூலை எழும்பியதை விற்றால் என்ன என்று கணவர் கேட்கிறார். சேர்த்தே வைத்திருக்கிறேன்.