ஐஎஃப்ஆர்எஸ்ஸா, அமெரிக்க காப்பா: எதை முதலில் படிப்பது?

நிறுவனங்கள் கணக்கு எழுதி நிதி அறிக்கை தயாரிப்பதற்கான இரண்டு விதித் தொகுப்புகள் இவை: பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகள் (IFRS, ஐஎஃப்ஆர்எஸ்), அமெரிக்காவின் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் கோட்பாடுகள் (GAAP, காப்). இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு குழம்புகிறவர்களுக்காக இது.

பரப்பு: ஐஎஃப்ஆர்எஸ் 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் செல்லும். காப் அமெரிக்காவின் தேசியத் தரநிலை.

படிக்கிற பாடு: ஐஎஃப்ஆர்எஸ் கொள்கையைச் சொல்லிவிட்டு முடிவைப் பெரும்பாலும் நம்மிடம் விடும், யோசிக்க வேண்டும். காப்பில் துறைவாரியாக விதிகள் ஏராளம், தேடிப் பிடிக்கவே பொறுமை வேண்டும்.

வித்தியாசம் நன்றாகப் புரிவது சரக்கிருப்பில்தான். ஒரே பொருளை 100, 120, 150 என மூன்று தடவை வாங்கி ஒன்றை விற்கிறீர்கள். கடைசியில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் லிஃபோ முறையில் அடக்கவிலை 150. முதலில் வந்தது முதலில் போனது என்றால் 100. லாபமே மாறிவிடுகிறது, பாருங்கள்! காப் லிஃபோவை அனுமதிக்கிறது, ஐஎஃப்ஆர்எஸ் தொகுப்பில் சரக்கிருப்புக்கான தரநிலையான ஐஏஎஸ் 2 அனுமதிப்பதில்லை. நிலம், கட்டடத்தை மறுமதிப்பீடு செய்வதில் நிலைமை தலைகீழ்: ஐஎஃப்ஆர்எஸ் தொகுப்பின் ஐஏஎஸ் 16 விடும், காப் விடாது.

வருவாய்க்கு மட்டும் கவலை வேண்டாம், இந்த இரு தொகுப்புகளையும் வெளியிடும் அமைப்புகள் 2014-இல் சேர்ந்தே உருவாக்கியதால் வருவாய்த் தரநிலைகளான ஐஎஃப்ஆர்எஸ் 15-உம் காப்பின் தலைப்பு 606-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அமெரிக்க நிறுவனக் கணக்கு, அமெரிக்க சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) தேர்வு என்றால் காப். எந்த நாட்டில் வேலை என்று இன்னும் முடிவாகாதவர்கள் ஐஎஃப்ஆர்எஸ்ஸில் தொடங்குங்கள், அப்புறம் வேறுபடும் இடங்களை மட்டும் காப்பில் பிடித்துக்கொள்ளலாம்.