ஏஎஃப் அப்லேஷன்: சிரைகள் மட்டும் போதுமா, மேப் போட்டுத் தேடிச் சுட வேண்டுமா?

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப்). ஒரு வாரத்தைத் தாண்டியும் அடங்காத, அதாவது நீடிக்கும் ஏஎஃப்புக்கு, கோளாறைக் கிளப்பும் திசுவைச் சுடும் அப்லேஷன்தான் என்று முடிவானதும் அடுத்த குழப்பம் வரும்: இடது மேலறையில் வந்து சேரும் நுரையீரல் சிரைகளை மின்ரீதியாகத் துண்டித்தால் போதுமா, இல்லை அந்த மேலறை முழுக்க மின்சிக்னல்களை மேப் போட்டு சந்தேகமான இடங்களையும் சுட வேண்டுமா?

முதல் வழியின் அடிப்படை 1998ல் வந்தது. துடிப்பைக் குலைக்கும் மின்பொறிகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளுக்குள்ளிருந்துதான் கிளம்புகின்றன என்று பிரான்ஸில் போர்தோவின் ஹைசாகேர் குழு காட்டியது. வந்துவந்து போகும் ஏஎஃப்புக்கு இது நன்றாகவே பொருந்தும். நீடிக்கும் வகையில் மேலறையே விரிந்து தசையில் தழும்பும் விழுந்திருக்கலாம் என்பதால், கூடுதலாகச் சுட்டால்தானே சரியாகும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2015ல் வெளியான ஸ்டார் ஏஎஃப் 2 ஆய்வு அந்த வாதத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டது. 589 பேர். 18 மாதத்தில் ஏஎஃப் திரும்பாதவர்கள் சிரைகள் மட்டும் செய்த குழுவில் 59%, சிக்கலான சிக்னல் வரும் இடங்களையும் சுட்ட குழுவில் 49%, கோடுகள் இழுத்துச் சுட்ட குழுவில் 46%. புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை, ஆனால் சிகிச்சை நேரம் மட்டும் கூடியது. 2023ல் வந்த கேப்லா ஆய்வில் மேலறையின் பின்சுவரைச் சேர்த்துத் துண்டித்தும் பலன் கூடவில்லை.

மேப்பிங் பக்கத்துக்கு நல்ல செய்தி 2025ல் வந்த டெய்லர்ட் ஏஎஃப் ஆய்வு. சிக்னல்களை ஏஐ அலசி இடம் காட்ட, அங்கேயும் சுட்ட குழுவில் 12 மாதத்தில் ஏஎஃப் இல்லாதவர்கள் 88%, சிரைகள் மட்டும் செய்தவர்களில் 70%. சரி, உடனே குதிக்க வேண்டாம். ஏஎஃப் போய் ஃப்ளட்டர் (மேலறையில் மின்னோட்டம் ஒரே சுற்றாக ஓடும் கோளாறு) போன்ற வேறு கோளாறு வந்தவர்களையும் கணக்கில் சேர்த்தால், ஒரே சிகிச்சைக்குப் பின் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எதைக் கொண்டு சுடுவது என்பது தனிக்கதை. குறுகிய மின்துடிப்புகளால் திசுவை அழிக்கும் புதிய பல்ஸ்டு ஃபீல்டு முறை வெப்பத்தை நம்பியதல்ல, அதனால் உணவுக்குழாய்க்கு ஆபத்து குறைவு; ஆனால் ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இதயத் தமனி சுருங்கலாம்.

என் ஓட்டு: முதல்முறை சிரைகள் மட்டும். கோளாறு திரும்பினால் அப்புறம் மேப்பிங். எந்தச் சிரை மறுபடி இணைந்திருக்கிறது, ஃப்ளட்டர் எந்தத் தழும்பைச் சுற்றி ஓடுகிறது என்று அப்போது தெளிவாகவே காட்டும், ஏனென்றால் அங்கே சுற்று ஒரே பாதையில் ஓடுகிறது. ஏஎஃப்பிலோ பாதை நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும்.