பழைய சோனகத் தெருக் கடைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட்: ஒரு வருடம் பாவித்த பிறகு

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் சாமான் இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பகுதி என் பொறுப்பு. 2025 ஏப்ரல் 1ஆம் திகதி பழைய பில் மென்பொருளை நிறுத்திவிட்டு, கொள்வனவு, விற்பனை, இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளுக்கு மாறினோம். ஒரு முழு வருடக் கணக்கை அதிலேயே மூடிய பிறகு இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இது பிடித்திருக்கிறது, மறுபடி தெரிவு செய்யச் சொன்னாலும் இதையேதான் எடுப்பேன். ஆனால் வாங்கிப் போட்ட உடனே ஓடிவிடவில்லை. எங்கள் ஸ்டோர்ஸ் ஆட்கள் மூன்று மாதம் உட்கார்ந்து சாமான்களின் பெயரைச் சரி செய்யாமல் விட்டிருந்தால் இதுவும் பழையதைப் போலப் பிழையான கணக்குத்தான் காட்டியிருக்கும்.

பழையது பொக்ஸ்புரோ என்ற மைக்ரோசொப்டின் பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதியது. 2003 அளவில் ஒரு தனி ஆள் எங்களுக்காகவே எழுதிக் கொடுத்தார். ஒரு கடை, ஒரு கல்லா, இரண்டு கணினி இருந்த காலத்துக்கு அது அருமையான வேலை, அதில் குறை சொல்ல மாட்டேன். எழுதியவர் பிறகு வெளிநாடு போய்விட்டார். மைக்ரோசொப்ட் 2007இலேயே பொக்ஸ்புரோவுக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை என்று அறிவித்து, 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்திவிட்டது. நாங்களோ அதற்குப் பிறகு பேலியகொடையில் ஸ்டோர்ஸ் எடுத்து, இரண்டாவது கடை திறந்து, பதினாறு பேர் பாவிக்கும் அளவுக்கு அதை இழுத்துக்கொண்டே வந்தோம். ஒரு டேபிள் கோப்பு 2 ஜிபிக்கு மேல் போக முடியாது என்பதால் ஒவ்வொரு வருடமும் புதிய போல்டர். ஒரு வாடிக்கையாளரின் மூன்று வருட நிலுவையைப் பார்க்க மூன்று தடவை வெளியேறித் திரும்ப உள்ளே போக வேண்டும். மின்சாரம் போய் வந்தால் தரவைத் தேடி எடுக்க உதவும் இன்டெக்ஸ் கோப்பு உடைந்துவிடும், அதைத் திரும்பக் கட்டும் வரைக்கும் பில் போட முடியாது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மின்சாரம் போனதே, மறுநாள் காலை பதினொன்றரை வரை கையால் பில் எழுதினோம். வாசலில் லொறிகள் வரிசையாக நின்றன. இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்த முதலாளி அன்றைக்குத்தான் சரி, ஏப்ரலில் மாறுவோம் என்றார்.

ஆனால் உண்மையான சேதம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. வற் என்ற பெறுமதி சேர் வரியின் வீதம் 2019 டிசம்பரில் 15இலிருந்து 8 ஆனது, 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. எங்கள் மென்பொருளில் வீதம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் யாரையாவது தேடிப் பிடித்து மாற்ற வேண்டும், மாற்றியதும் பழைய பில்லைத் திரும்ப அச்சடித்தால் புதிய வீதத்தில் வரும்! அதைவிடப் பெரியது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. பழைய மென்பொருள் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு கொள்விலையைத்தான் வைத்துக்கொள்ளும். புதிய கொள்கலன் வந்ததும் பழைய இருப்பின் விலையும் சேர்ந்து மாறிவிடும். அந்த வருடம் எந்தச் சாமானில் இலாபம், எதில் நட்டம் என்று எங்களுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. எக்ஸெலில் இரவிரவாக இருந்து பார்த்தும் பிடிபடவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

2023இல் ஒருமுறை வேறு ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு முற்பணம் கட்டிப் பார்த்தோம். பெயர் வேண்டாம். அவர்களுடைய மாதிரித் தரவில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது, எங்கள் தரவைப் போட்டதும் நின்றுவிட்டது. கயிற்றைச் சுருளாக வாங்கி மீட்டராக விற்போம், ஆணியைப் பெட்டியாக வாங்கிக் கிலோவில் விற்போம், வயரை ரோலாகவும் விற்போம், யாராவது கேட்டால் ஏழு மீட்டர் வெட்டியும் கொடுப்போம். அதற்கு அவர்களிடம் வழியில்லை. ஐந்து மாதமும் முற்பணமும் போனது. அன்றிலிருந்து யார் வந்து காட்டினாலும், எங்கள் சாமானில் மிகச் சிக்கலான இருபதை எழுதிக் கொடுத்து, இதைப் போட்டு வாங்கி விற்றுக் காட்டுங்கள், பிறகு காசு கதைப்போம் என்று சொல்லிவிடுவேன்.

ஈஆர்பிநெக்ஸ்ட் அந்த இருபதையும் தாண்டியது. ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை அலகு வேண்டுமானாலும் வைத்து, ஒரு சுருள் இத்தனை மீட்டர் என்று எழுதிவிடலாம். எந்த அலகு முழு எண்ணாக மட்டும் இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். அதனால் யாரும் அரை வாளிப் பெயின்ட் பில் போட முடியாது. இது மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள், யாரும் பாவிக்கவும் மாற்றவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, ஆளுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் இல்லை. ஆட்கள் கூடிக்கொண்டே போகும் நிறுவனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மற்ற இடங்களில் விலை கேட்டபோது, ஸ்டோர்ஸ் பையன்களுக்குத் தனித்தனி லொகின் கொடுத்தால் கட்டாது, எல்லோரும் ஒன்றையே பாவிக்கட்டும் என்று யோசித்தோம். அப்படிச் செய்திருந்தால் யார் எதைச் செய்தது என்பதே தெரியாமல் போயிருக்கும். எங்களுக்குச் செலவு சேர்வர் வாடகைக்கும், அமைத்துத் தந்த குழுவுக்கும் மட்டும்தான். அது இலவசம் என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம், அமைக்கும் வேலைக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

இப்போது அந்தப் பெயர் விஷயம். பழைய மென்பொருளில் பதினோராயிரத்துச் சொச்சம் பொருள் இருந்தது. அரை இஞ்சி பீவீசி எல்போ ஒன்றே நாலு கோடில் இருந்தது, நாலு பேர் நாலு காலத்தில் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டியதால். ஒன்றில் இருப்பு மைனஸ் 300, இன்னொன்றில் 900. எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம், முப்பது வருடமாக இதே தெருவில் இருப்பவர். கணினி மாற்றம் என்றதும் அவர் விலகியே இருந்தார், முந்திய தடவை நடந்ததைப் பார்த்தவர்தானே. நான் பட்டியலை அச்சடித்துக்கொண்டு பேலியகொடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் ஒரே சாமான்தானே, ஏன் நாலு பேர் வெச்சிருக்கீங்க?" என்று பேனாவை வாங்கிக் கோடு போடத் தொடங்கினார். அதன் பிறகு கிழமையில் நாலு நாள், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அதுதான் வேலை. எங்கள் பையன்கள் சிங்களத்தில் ஒரு பெயர் சொல்வார்கள், கல்லாவில் தமிழில் ஒன்று, வாடிக்கையாளர் பிராண்டின் பெயரையே சாமானுக்கு வைத்துக் கூப்பிடுவார். நானாவுக்கு எல்லாம் தெரியும். ஈஆர்பிநெக்ஸ்டில் பொருளைத் தேடும்போது விளக்கப் பகுதியிலும் சேர்த்துத் தேடும் என்பதால், அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் அங்கே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டோம். இப்போது வந்து சேர்ந்த பிள்ளைகூட வாடிக்கையாளர் சொன்ன பெயரையே அடித்துச் சாமானை எடுக்கிறாள். கடைசியில் பொருட்கள் ஏழாயிரத்துக்குள் வந்துவிட்டன. அமைத்த குழு கேட்டது ஒரு எக்ஸெல் கோப்பு மட்டும்தான், அதை ஏற்ற அவர்களுக்கு ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை.

இருப்பு எண்ணியது மார்ச் 29 சனி பின்னேரமும் 30 ஞாயிறும். 31 நோன்புப் பெருநாள் என்பதால் எப்படியாவது ஞாயிறு இரவுக்குள் முடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நின்றோம். இரண்டு இரண்டு பேராக எண்ணி, ஒருவர் எண்ணியதை வேறு ஒரு சோடி திரும்ப எண்ணியது. பைப் அடுக்கை மட்டும் மூன்று தடவை எண்ணினோம். நோன்பு திறக்கும் நேரத்தில் ஸ்டோர்ஸ் தரையில் எல்லோருமாக உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். இரவு ஒன்பதரைக்குக் கடைசித் தாள் கைக்கு வந்தது. அந்த எண்ணிக்கையைப் பழைய கணினியோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை, பார்த்து என்ன செய்வது, எண்ணியது எதுவோ அதுதான் ஆரம்ப இருப்பு என்று முதலாளி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவர் எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சரியானது என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று கிழமை கஷ்டம். இந்த மென்பொருள், கணக்கில் இல்லாத இருப்பை விற்க விடாது, அதை நாமாக மாற்றினால் தவிர. துறைமுகத்தில் இருந்து லொறி வந்து, பாதிச் சாமான் ஸ்டோர்ஸ் உள்ளே போகாமலே வாடிக்கையாளரின் லொறிக்கு மாறுவது எங்கள் வழக்கம். சாமான் கண் முன்னால் இருக்கிறது, பில் போட்டால் இருப்பு இல்லை என்கிறது. அந்தத் தடையை எடுத்துவிடுங்கள் என்று கடையில் இருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. அதை எடுத்தால் ஆறு மாதத்தில் மைனஸ் 300க்கே திரும்பிவிடுவோம். அதற்குப் பதிலாக வரவு பதியும் பிள்ளையின் மேசையை அலுவலகத்தில் இருந்து தூக்கி ஸ்டோர்ஸ் வாசலில் போட்டோம். லொறியில் இருந்து இறங்க இறங்கப் பதிவு. மே நடுப்பகுதிக்குள் அழைப்பு நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இறக்குமதிச் செலவைப் பிரிக்கும் வசதி. கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, கிளியரிங், லொறிக் கூலி எல்லாவற்றையும் ஒரு வவுச்சரில் போட்டால், அந்தக் கொள்கலனில் வந்த சாமான்களுக்கு அதன் பெறுமதிப்படியோ எண்ணிக்கைப்படியோ அது பகிர்ந்து ஒவ்வொன்றின் கொள்விலையோடும் சேர்த்துவிடும். முதலில் வாங்கியது முதலில் போகும் என்ற முறையிலோ சராசரி முறையிலோ மதிப்பிடலாம். 2022இல் இது இருந்திருந்தால் என்று நினைக்காத மாதம் இல்லை. அடுத்தது, உறுதி செய்த பில்லை யாரும் திருத்த முடியாது. ரத்து செய்யலாம், திருத்திய புதிய பிரதி எடுக்கலாம், ஆனால் யார், எப்போது செய்தார் என்று எல்லாம் நிற்கும். அழிக்கும் அனுமதியை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் இல்லை. கடன் எல்லை தாண்டிய வாடிக்கையாளருக்குப் பில் போகாது, முதலாளிதான் திறந்துவிட வேண்டும். வற் வீதத்தை ஓர் இடத்தில் மாற்றினால் போதும், பழைய பில் பழைய வீதத்திலேயே இருக்கும்.

இனி நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. இலங்கைக்கான வரி அமைப்பை நாங்களே போட்டுக்கொண்டோம், வற்றும் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் எங்கள் கணக்காய்வாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அது இரண்டு நாள் வேலைதான். பின் திகதியிட்ட காசோலை அப்படி இல்லை. இந்தத் தெருவில் வியாபாரமே அறுபது நாள், தொண்ணூறு நாள் காசோலையில்தான் ஓடுகிறது. காசோலை கையில் இருக்கும், காசு இன்னும் வரவில்லை, வாடிக்கையாளரின் நிலுவை குறைந்ததா இல்லையா? அதற்குத் தனிக் கணக்கு ஒன்றும், எந்தத் திகதிக்கு எந்த வங்கியில் போட வேண்டும் என்று காலையில் பட்டியல் தரும் ஒரு பக்கமும், திரும்பி வந்தால் நிலுவையை மறுபடி ஏற்றும் வழியும் குழுவிடம் சொல்லிச் செய்தோம். மொத்தச் செலவில் காற்பங்கு இதற்கே போயிருக்கும், ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. டொட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் மூன்று பிரதி பில் நேராக விழ நாலு நாள் மினக்கெட்டார்கள். இணையம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு கடையிலும் இரண்டாவது இணைப்பாக ஒரு 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம், கையால் எழுதும் பில் புத்தகமும் கல்லாவுக்குக் கீழேதான் இன்னும் இருக்கிறது. சம்பளத்தை, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் பார்க்கும் அந்தக் கணக்கை, இதற்குள் கொண்டுவரவில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை.

அமைத்துத் தந்தவர்கள் மூன்று பேர் கொண்ட சின்னக் குழு, அவர்களின் அனுமதி கேட்காததால் பெயர் போடவில்லை. காசை மூன்றாகப் பிரித்தோம், கையெழுத்து வைக்கும்போது ஒன்று, எங்கள் தரவு ஏறி ஒரு நாள் பில் ஓடிய பிறகு ஒன்று, முதல் வற் விவரத்திரட்டைச் சமர்ப்பித்த பிறகு கடைசி. அவர்களும் மறுக்காமல் ஒத்துக்கொண்டார்கள். கல்லாவில் இருப்பவரிடம் கதைக்காமல் எந்தத் திரையையும் செய்யவில்லை, அதற்காகவே அவர்களை மதிக்கிறேன். பழைய சேர்வரை வீசவில்லை, இறைவரித் திணைக்களம் பழைய வருடங்களைக் கேட்டால் காட்ட வேண்டுமே. பார்க்க மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறோம், தரவின் பிரதி இரண்டு வன்தட்டில் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

போன நவம்பரில் வெள்ளவத்தையில் மூன்றாவது கடை திறந்தோம். முன்பென்றால் ஒரு புதிய கடைக்குத் தனிக் கணினி, தனித் தரவு, இரவில் பென் டிரைவில் கொண்டுவந்து சேர்ப்பது என்று ஒரு மாத வேலை. இந்தத் தடவை ஒரு ஸ்டோர்ஸ் பெயர் சேர்த்து, விலைப்பட்டியலை இணைத்து, மூன்று பேருக்கு லொகின் கொடுத்ததும் பின்னேரம் நாலு மணிக்கு முதல் பில் விழுந்தது. எந்தச் சாமானை எவ்வளவு அனுப்புவது என்று நானாவே பேலியகொடையில் இருந்து திரையைப் பார்த்துச் சொன்னார்.