பாகம் பாகமாக ரைஃபிள் செய்து தருவதாகச் சொல்பவனிடம் பணம் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். குறைந்த செலவில் குறி தப்பாத போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (போல்ட் எனும் தாழ்ப்பாளை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) செய்து தருவதாகவும், பாகம் பாகமாக வாங்கினால் லைசென்ஸ் தேவையில்லை என்றும் சொல்லிக்கொண்டு ஒருவன் இந்தப் பக்கம் அலைகிறான். என்னிடம் 2,300 ரிங்கிட் வாங்கிக்கொண்டான். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் சொன்னதெல்லாம் சொன்னபடி நடந்திருந்தால் என் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலம் பெரியதல்ல. முன்பக்கம் செம்பனை, பின்பக்கம் டுரியானும் ரம்புத்தானும். காய் பிடிக்கும் பருவத்தில் அணில்கள் படுத்தும் பாடு சொல்லி மாளாது. டுரியான் முற்றுவதற்கு முன்பே துளை போட்டுவிடும். துளை விழுந்த காய் உதிர்ந்து, அழுகி, எறும்பு மொய்த்துக் கிடக்கும். புதிதாக நட்ட செம்பனையின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும். அப்பா இருந்தவரை அவர் பெயரில் லைசென்ஸோடு ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அவர் மறைந்ததும் முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். லைசென்ஸ் ஆளுக்கு உரியது, பிள்ளைக்கு இறங்கி வருவதில்லை. இது ஊரில் பலருக்குத் தெரிந்த சங்கதி. அவனுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உரக்கடையில் என்னைப் பார்த்தவன் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினான்.

“அண்ணே, ஷாட்கன் ரவை நாற்பது மீட்டரைத் தாண்டினால் சிதறிவிடும். மர உச்சியில் இருக்கும் அணிலுக்கு அது சரிப்படாது. நான் செய்து தரும் ரைஃபிளில் நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழும். கடையில் வாங்குவதில் பாதி விலை” என்றான். தான் ஒரு பதிவுபெற்ற துப்பாக்கிக் கடையின் முகவர் என்றும், லைசென்ஸ் விண்ணப்பத்தையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். விண்ணப்பச் செலவுக்கு 300 ரிங்கிட், ரைஃபிளுக்கு முன்பணம் 2,000 ரிங்கிட். ஒரு பகுதியைக் கையில் வாங்கிக்கொண்டான். மீதியை வேறொருவர் பெயரில் இருந்த வங்கிக் கணக்கில் போடச் சொன்னான். “அது கடைக் கணக்காளருடைய கணக்கு” என்றான்.

அவன் பேச்சில் பாதி உண்மை. ஆள் மயங்குவது அந்தப் பாதியால்தான். அமெரிக்காவில் புல்வெளி நாய் எனப்படும் வளைவாழ் அணில் வகையையும் மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் பிற சிறு விலங்குகளையும் தூரத்திலிருந்து சுடுவதற்கென்றே கனமான குழல் கொண்ட ரைஃபிள்களைச் செய்துகொள்ளும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. சாதாரணத் தொழிற்சாலைத் துப்பாக்கி ஒன்றை மலிவாக வாங்குவார்கள். நல்ல குழல் மாற்றுவார்கள். குழலைத் தாங்கும் மரக் கட்டையையும், சுடுவதற்கு இழுக்கும் விசையையும் சீர்செய்வார்கள். 1958இல் வந்த சாவேஜ் 110 ரகத்தில் குழல் ஒரு பூட்டு மரையால் இறுக்கப்பட்டிருப்பதால், தோட்டா உட்காரும் இடைவெளியை அளக்கும் கருவிகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே குழல் மாற்றுகிறவர்கள் அங்கே உண்டு. 1962இல் வந்த ரெமிங்டன் 700 என்றால் பெரும்பாலும் பட்டறைக்குப் போக வேண்டும். நூறு கஜத்தில் ஓர் அங்குலம் என்ற கணக்கும் புளுகு அல்ல. கோணத்தில் ஒரு நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது அந்தத் தூரத்தில் 1.047 அங்குலம், நன்றாகச் செய்த ரைஃபிள் அதற்குள் அடிக்கும். இவற்றையெல்லாம் அவன் எங்கோ காணொளிகளில் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறான்.

ஆனால் அங்கே ஏன் பாகங்கள் தபாலில் வருகின்றன என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம், போல்ட் ஓடுகிற நடு உடலை, அதாவது ரிசீவரைத்தான் துப்பாக்கி என்று கணக்கில் எடுக்கிறது. ஆகவே குழலும் கட்டையும் விசையும் அங்கே சாதாரண வியாபாரப் பொருள்கள். நம் மலேசியாவில் நிலைமை நேர்மாறானது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே அதன் எந்தப் பாகமும் அடங்கும். காற்றுத் துப்பாக்கியும் அதில் அடங்கும். ஒரு குழல் மட்டும் உங்கள் அலமாரியில் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் கடும் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே எல்ஃபில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலமே பிறந்தது. அந்த ஆண்டுகளில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குத் தூக்கு. அவசரகாலம் முடிவுக்கு வந்த அதே 1960இல்தான் இன்றைய ஆயுதச் சட்டமும் வந்தது. துப்பாக்கி விஷயத்தில் இந்த நாடு விளையாட்டாக இருந்ததே இல்லை.

பணம் வாங்கிய பிறகு அவன் பேச்சு மாறியது. முதலில் லைசென்ஸ் வந்த பின்தான் பொருள் என்றவன், “லைசென்ஸ் வர நாளாகும் அண்ணே, அதுவரை பாகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்று ஆரம்பித்தான். நான் சரி என்று சொல்வதற்கு முன்பே, நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கட்டையையும், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கட்டை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. கையில் எடுத்ததும் வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. கைப்பிடி மெலியும் இடத்தில் நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததால் நகத்தால் கீறிப் பார்த்தேன். மாவாக உதிர்ந்தது. கார் ஒட்டுப் போடும் பட்டறையில் பூசுவார்களே, அந்தப் பசை. அதைச் சுரண்டிய இடத்தில் மரத்தின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. சுட்டால் பின்னுதைப்பின் வேகம் முழுவதும் வந்து இறங்குகிற இடம் அது.

குழல் படுக்கும் பள்ளம் இன்னும் மோசம். குறி தப்பாமல் அடிக்க வேண்டுமானால் குழல் கட்டையைத் தொடாமல் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்ப்பார்கள், தடையில்லாமல் ஓடினால் சரி. நம் ஊர் ஈரக் காற்றில் மரம் உப்பும், சுருங்கும், வளையும். அது குழலை ஒரு பக்கம் தள்ளினால் காலையில் அடித்த இடத்தில் மாலையில் விழாது. இவன் கொடுத்த கட்டையின் பள்ளம் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மேடு. உளி நழுவிய தடங்கள் அப்படியே இருந்தன. போல்ட் உடல் உட்கார வேண்டிய இடத்தில் சமதளமே இல்லை. அவனே பேசிய ஓர் அங்குல வட்டத்துக்கும் இந்த வேலைக்கும் எந்த உறவும் கிடையாது.

ஸ்கோப் பெட்டியில் ஒரு பெயர், குழாயில் வேறு பெயர். அட்டைப் பெட்டி ஒன்றின் இரு ஓரங்களிலும் வி வடிவில் வெட்டி, அதில் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, தூரத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூலையைக் குறியாக வைத்துப் பார்த்தேன். ஸ்கோப்பின் திருகை மேலே 40 சொடுக்கு திருப்பி, மறுபடியும் கீழே 40 சொடுக்கு திருப்பினால் குறுக்குக்கோடு புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். சொடுக்குக்குக் கோணத்தில் கால் நிமிடம் என்று அதில் எழுதியிருந்தது. அப்படியானால் 40 சொடுக்குக்கு நூறு கஜத்தில் ஏறக்குறைய 10 அங்குலம் நகர வேண்டும். நகர்ந்தது என்னவோ கொஞ்சம்தான். திரும்பி வரும்போது மூலையை விட்டு விலகி நின்றது. திருகைத் திருப்பும்போது பாதிச் சொடுக்குகள் விரலுக்கே தெரியவில்லை. இதற்கு அவன் போட்ட விலை 900 ரிங்கிட்.

மறுநாளே அவன் அழைத்தான். குழலும் போல்ட்டும் அடுத்த வாரம் பார்சலில் வரும், வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. யார் கையெழுத்துப் போடுவது? என் மனைவியா, பள்ளிக்கூடம் போகும் என் மகளா? எதையும் அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஈப்போவில் லைசென்ஸோடு நடக்கும் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கட்டையை எடுத்துப் போகவில்லை, கைப்பேசியில் படம் மட்டும் காட்டினேன்.

கடைக்காரர் வயதான சீனர். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எங்கள் கடைக்கு ஊர் ஊராகப் போகும் முகவர் என்று யாரும் கிடையாது, எந்தக் கடைக்கும் இருக்க முடியாது என்றார். துப்பாக்கி விற்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனித்தனி அனுமதி உண்டு. அது கடைச் சுவரில் தொங்கும், பையில் சுற்றாது. பயிர்க் காவலுக்கென்று விண்ணப்பிக்கிறவர்களுக்கு அவர் அனுபவத்தில் கிடைப்பது ஷாட்கன்தான். தெரியாத ஆள் பொருத்தும் குழலைப் பற்றியும் அவரே எச்சரித்தார். .223 ரெமிங்டன் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. தோட்டா உட்காரும் இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் பித்தளைக் கூடு கிழிந்து, அந்தச் சூடான வாயு சுடுகிறவன் முகத்தை நோக்கித்தான் வரும். “இன்றைக்கே போலீசுக்குப் போ தம்பி, நாளைக்கு என்று வைக்காதே” என்றார்.

அன்றைக்கே போனேன். முதலில் நிலையத்துக்கு அழைத்து விவரம் சொன்னேன். அவர்களே வந்து கட்டையையும் ஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு, வாக்குமூலம் பதிவு செய்தார்கள். வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், அவன் அனுப்பிய செய்திகள் எல்லாம் இப்போது விசாரணை அதிகாரியிடம் இருக்கின்றன. ஏமாற்றியதற்குத் தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவின் கீழ் பத்து ஆண்டு வரை சிறை உண்டு.

புகார் போன செய்தி காதுக்கு எட்டியதும் அவன் அழைத்துப் பேசிய பேச்சை மறக்க முடியாது. “நீங்களும்தான் பாகம் வாங்கினீர்கள். நான் மாட்டினால் நீங்களும் மாட்டுவீர்கள்” என்றான். அதோடு தொலைபேசியை அணைத்துவிட்டு கம்பி நீட்டிவிட்டான். அவன் பிழைப்பே இந்தப் பயத்தில்தான் நடக்கிறது. முதலில் பணத்தை வாங்குகிறான். பிறகு சட்டத்துக்குப் புறம்பான ஏதாவது ஒன்றை உங்கள் வீட்டில் வைத்துவிடுகிறான். அதற்குப் பின் நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள் என்பது அவன் கணக்கு. பக்கத்துத் தோட்டங்களில் பணம் கொடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களில் யார் வீட்டிலாவது குழலோ போல்ட்டோ கிடக்குமானால், அதைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பாதீர்கள். ஆற்றில் வீசவும் வேண்டாம். நிலையத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பணம் அனுப்பிச் சில மணி நேரமே ஆகியிருந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. யாருக்காவது முன்பணம் போடுவதற்கு முன், போலீசின் ‘செமாக் மூலே’ பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். அதன் மேல் புகார்கள் இருந்தால் காட்டும்.

முறையாகத் துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் விண்ணப்பியுங்கள். லைசென்ஸ் கொடுப்பது மாநிலப் போலீஸ் தலைவர். இடைத்தரகன் யாருக்கும் அதில் வேலை இல்லை. துப்பாக்கி கிடைத்தாலும் காட்டுப்பன்றியைச் சுட வனவிலங்குத் துறையின் அனுமதி வேறு வேண்டும். நான் இப்போது டுரியான் மரங்களின் அடியைச் சுற்றி வழவழப்பான தகரம் அடித்து, பக்கத்து மரத்தோடு உரசும் கிளைகளை வெட்டிவிட்டிருக்கிறேன். அணில் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது. செம்பனையில் எலித் தொல்லை உள்ளவர்கள், பெரிய தோட்டங்களில் செய்வதுபோலக் கூகைக் கூண்டு வைத்துப் பார்க்கலாம்.

ஆளின் அடையாளம்: நாற்பது வயதுக்குள் இருப்பான். தமிழும் மலாயும் சரளமாகப் பேசுகிறான். உரக்கடை, மோட்டார் பட்டறை, கோயில் திருவிழா என்று நிலம் வைத்திருப்பவர்கள் கூடும் இடமாகப் பார்த்து வருகிறான். இறந்துபோன பெரியவர்களின் பெயரைச் சொல்லி உறவு கொண்டாடுகிறான். பெயரை ஊருக்கு ஊர் மாற்றுகிறான் என்பதால் அவன் என்னிடம் சொன்ன பெயரால் பயனில்லை. கேட்டால் காட்டுவதற்கு அவனிடம் எந்த லைசென்ஸும் கிடையாது, கேளுங்கள். உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால் சுங்கை சிப்புட் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போய், துப்பாக்கிப் பாகம் விற்றவன் பற்றி ஏற்கெனவே ஒரு புகார் இருப்பதாகச் சொல்லி உங்களுடையதையும் பதிவு செய்யுங்கள்.