சித்திரம்: ஆசிரியர் வழிகாட்டியா, வரைதல் புத்தகமா?

மட்டக்களப்பில் புதிதாகச் சித்திரம் படிப்பிக்க வந்தவர்கள் ஆசிரியர் வழிகாட்டி, படிப்படியாக வரையப் பழக்கும் வரைதல் புத்தகம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டி இணையத்தில் இலவசம், போட்டோக்கொப்பிக் காசுதான். வரைதல் புத்தகம் விலை கூட.

தரம்: வழிகாட்டியைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்தால் சிகிரியா ஓவியம் வெறும் கறை, படங்களைப் போனிலேயே காட்டுங்கள். வரைதல் புத்தகத்தில் தாள் நல்ல தடிப்பு. ஆனால் ஒட்டிய முதுகென்றால் மேசையில் விரித்து அழுத்த அழுத்த ஏடு கழன்றுவிடும். தைத்த கட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

இலகு: வழிகாட்டி எதைப் படிப்பிப்பது என்று சொல்லும், கையைப் பழக்காது. வரைதல் புத்தகம், முகம் வரைய முட்டை வடிவம், நடுக்கோடு, தலையின் பாதி உயரத்தில் கண் என்று கூடவே வரும்.

சாதாரண தர (O/L) வகுப்புக்கு வழிகாட்டி போதும். வீட்டிலிருந்து பழகுபவருக்கு வரைதல் புத்தகம்தான் சரி.