நின்றுபோன காரை இழுக்க: கயிறா, ரெக்கவரி வண்டியா, ஃப்ளாட்பெட்டா?

நாற்கரச் சாலையில் கார் நின்றுவிட்டால் முதலில் நீட்டப்படுவது கயிறுதான். யாராவது வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, "அடுத்த ஊர் வரைக்கும் கட்டி இழுத்துடலாம் சார்" என்பார். நல்ல மனசுதான். ஆனாலும் குடும்பத்தை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு அப்படிப் போவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

காரணம் பிரேக். நம் மிதிக்கு பலம் கூட்டிக் கொடுப்பது பிரேக் பூஸ்டர்; இன்ஜின் ஓடினால்தான் அதற்கு வேக்குவம் (காற்று உறிஞ்சும் விசை) கிடைக்கும். இன்ஜின் நின்ற பிறகு ஒன்றிரண்டு மிதி வரை பெடல் வழக்கம்போல இறங்கும். அதற்கப்புறம் கல் மாதிரி இறுகிவிடும். பிரேக் போய்விடவில்லை, ஆனால் காலின் முழு பலத்தையும் கொடுத்தால்தான் பிடிக்கும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை உருவி வைத்திருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதனால் சாவி 'ஆன்' நிலையிலேயே இருக்க வேண்டும். இந்த நிலைமையில், முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் இடையே இருப்பது சில மீட்டர்தான். அவர் வேகம் குறைத்ததும் கயிறு தொய்யும், மறுபடி கிளம்பும்போது வெடுக்கென்று இழுக்கும். அந்த வெட்டில்தான் கயிறு அறுந்து வீசும்.

அப்படியானால் கயிறே கூடாதா? வண்டி வளைவிலோ பாலத்தின் மீதோ நின்றுவிட்டால், ஆபத்தான இடத்திலிருந்து வெளியே கொண்டுவர அது போதும். மேனுவல் கியர் கார், நியூட்ரல், வேகம் 25 கிலோமீட்டருக்குள், கயிற்றின் நீளம் 5 மீட்டருக்குள், நடுவில் ஒரு சிவப்புத் துணி. ஸ்டியரிங் பிடிப்பவரைத் தவிர எல்லாரும் இறங்கிவிட வேண்டும், கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. பம்பரிலோ சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மிலோ கட்டாதீர்கள். பல கார்களில் ஜாக்கி, வீல் ஸ்பேனரோடு திருகு போட்ட ஒரு கொக்கியும் இருக்கும்; பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, அதை முழுக்க முடுக்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது, இரண்டு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி. கயிற்றைவிட எவ்வளவோ மேல். காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான லாரிதான் ஃப்ளாட்பெட்; சந்துகளிலும் அடித்தள பார்க்கிங்கிலும் அது நுழையாது, இது நுழையும். ஆனால் எந்தப் பக்கத்தைத் தூக்குகிறார்கள் என்பதில் கவனம் வேண்டும். ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றில் இன்ஜின் சுழற்றுவது முன்சக்கரங்களை. முன்பக்கம் தூக்கினால் சரி. இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர இழுவை, அதாவது இன்ஜின் சுழற்றுவது பின்சக்கரங்களை. அதே பழக்கத்தில் அதன் முன்பக்கத்தைத் தூக்கினால், இழுவைச் சக்கரங்கள் ரோட்டில் உருண்டுகொண்டே வரும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும்: உள்ளே ஆயிலைச் சுற்றவிடும் பம்பு இன்ஜினோடுதான் ஓடுகிறது. ஹைகிராஸோ முன்சக்கர இழுவை. ஒரே இன்னோவா பெயர், முறை வேறு. வருகிறவரிடம் மாடலைச் சொல்லிவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக், நான்கு சக்கர இழுவை என்றால் என் பதில் ஃப்ளாட்பெட் மட்டும்தான். எலெக்ட்ரிக் காரில் இழுவைச் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும். அது உள்ளே இருக்கும் கருவிகளைப் பாழாக்கலாம். ஃப்ளாட்பெட்டுக்கு வாடகை அதிகம், வர நேரமும் ஆகும். ஆனால் கியர்பாக்ஸ் செலவோடு ஒப்பிட்டால் அந்த வாடகை பெரிதே இல்லை. இன்ஷூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (வழியில் வண்டி நின்றால் வந்து உதவும் வசதி) சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண் 1033-ஐ அழைக்கலாம், இரவிலும் எடுப்பார்கள். அவர்கள் வரும்வரை குடும்பம் காருக்குள் அல்ல, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கட்டும்.

ஏற்றும்போது பட்டையை டயர்மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். பேட்டரி செத்திருந்தால், மின்சாரத்தில் இயங்கும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் விடாது. சக்கரம் பூட்டிய காரை வின்ச்சால் (லாரியில் உள்ள, கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும் கருவி) தரதரவென்று இழுக்க விடாமல், முதலில் வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் போட்டு பிரேக்கை விடுவிக்கச் சொல்லுங்கள்.