இசை ஆய்வு மாணவர்களுக்கான பட்டறை: பணம் கட்டிப் போகலாமா?

இசையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்காகச் சென்னையில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தேன். இசை வரலாறும் இலக்கணமும்தான் பொருள். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், என் வைவா (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு) இன்னும் முடியவில்லை. பாதி அருமை, பாதி வெட்டி. வெட்டிப் பாதியைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் தாராளமாகப் போகலாம்.

வெட்டியை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் நாள் காலை முழுக்கக் குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, குழுப் படம். நம் இசை எவ்வளவு தொன்மையானது என்று இரண்டு பேர் பேசினார்கள், அதை நம்பித்தானே ஐந்து வருடம் இதில் தலையைக் கொடுத்திருக்கிறோம். அப்புறம் 'ஆய்வு நெறிமுறை' என்று ஓர் அமர்வு: வேறு ஏதோ துறைக்குத் தயாரித்த ஸ்லைடு அப்படியே ஓடியது, கேள்வித்தாள் எப்படித் தயாரிப்பது, எத்தனை பேரிடம் கருத்துக் கேட்பது என்றெல்லாம். கீர்த்தனைகளின் பாடபேதத்தை (ஒரே பாட்டு ஆளுக்கொரு விதமாக இருப்பதை) ஆராய்கிறவர் யாரிடம் போய்க் கேள்வித்தாளை நீட்டுவது?

சரி, நல்ல பக்கம். முதலில் ஒரு நூலைப் படித்த அமர்வு: சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', கர்நாடக இசைப் பாடல்களை ஸ்வரக் குறிப்போடு தொகுத்தது, 1904இல் எட்டயபுரத்தில் அச்சானது. எல்லோருடைய ஆய்வேட்டிலும் கடைசிப் பக்கப் பட்டியலில் இருக்கும், திறந்து உட்கார்ந்தவர்கள் குறைவு. மூலம் தெலுங்கு எழுத்தில் இருப்பதும் ஒரு காரணம்; மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு இருக்கிறது, ஆனாலும் மூலத்தைப் பார்ப்பதே வேறு. ஆந்திராவிலிருந்து வந்திருந்த மாணவிகள் எழுத்தைப் படித்துக் காட்ட, ஆளுக்கொரு நகல் பக்கத்தோடு உட்கார்ந்தோம். அமர்வை நடத்திய பேராசிரியர் போட்ட விதி ஒன்றுதான்: தெரிந்த பாடாந்தரத்தை (குருவிடம் கேட்டுப் பழகிய வடிவத்தை) மறந்துவிட்டு, தாளில் இருப்பதை மட்டும் பாட வேண்டும்.

கேட்கச் சுலபம். அந்தப் புத்தகத்தில் ஸ்வரங்களோடு கமகக் குறிகளும் (ஸ்வரத்தை எப்படி அசைப்பது, இழுப்பது என்பதற்கான அடையாளங்கள்) இருக்கின்றன: கம்பிதம் என்ற அசைவுக்கு நெளிகோடு, மேலே வழுக்கிப் போகும் ஏற்ற ஜாருவுக்கு ஏறுகிற சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்குகிற சாய்கோடு, தந்தியை ஒதுக்கி இழுக்கும் ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி. காந்தார ஸ்வரத்தில் வெறும் ஜாரு போட்டிருக்கும் இடத்தில் எங்கள் வாய் தானாக அசைக்கிறது. வயலின் வாசிக்கிற ஒருவர் விரலை அசைக்காமல் இழுத்துக் காட்டிய பிறகுதான் குறி என்ன சொல்கிறது என்றே காதில் விழுந்தது. உடனே பேராசிரியர் கேட்டார்: இந்த வித்தியாசம் நூறு வருடத்தில் வந்த மாற்றமா, அன்றைக்கே இரண்டு விதமாகவும் பாடினார்களா, இல்லை குறியைப் போட்டவர் எல்லாவற்றையும் எழுத முயலவில்லையா? எதுவாக இருந்தாலும் எதை வைத்து நிரூபிப்பாய்? அரைமணி நேரம் அடித்துக்கொண்டோம். கட்டிய பணம் அங்கேயே வசூலாகிவிட்டது.

மேளகர்த்தா (ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகங்களின் வரிசை) பற்றியும் இதே தொடர்ச்சியில் வந்தது. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் 72 மேளக் கணக்கைப் போட்டாரே தவிர, தன் காலத்தில் வழக்கில் இருந்ததாக அவர் சொல்வது 19தான். நாம் பள்ளியிலேயே அந்த 72இன் பெயர்களைக் கனகாங்கி, ரத்னாங்கி என்று ஒப்பித்துப் பழகியவர்கள். பிரதர்சினியைத் திறந்தால் வேறு பெயர் வரிசை, முதல் மேளமே கனகாம்பரி. இரண்டு பெயர் வரிசையையும் கலந்து அத்தியாயம் எழுதி வைத்திருந்த ஒரு நண்பர் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நல்ல அமர்வு பழைய இசைத்தட்டுகள். 'அந்தக் காலத்தில் எல்லோரும் ஐந்தரைக் கட்டையில் பாடினார்கள்' என்று (கட்டை என்பது சுருதியின் அளவு) தட்டைக் கேட்டே எழுதிவிடுகிறோம் இல்லையா, அதற்கு ஆப்பு வைத்தார்கள். தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், கூடவே காலப்பிரமாணமும் (பாட்டின் வேகம்). யூடியூபில் யாரோ ஏற்றியதை வைத்துச் சுருதியைக் குறித்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று ஒரே தட்டை இரண்டு வேகத்தில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கிடைக்கும் என்பதால் அதில் இருக்கும் ஆலாபனை கச்சேரியில் பாடிய ஆலாபனை ஆகாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

பழந்தமிழ்ப் பண் பற்றிய அமர்வு நன்றாக ஆரம்பித்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரங்களின் பழைய பெயர்களைப் பலகையில் எழுதி, செம்பாலை என்ற பழைய ஸ்வர வரிசை இன்றைய அரிகாம்போதி ராகம் என்று வைத்துக்கொண்டு கீபோர்டில் பண்ணுப்பெயர்த்து (ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆதாரமாக மாற்றி வேறு ராகம் வரவைத்து) காட்டினார்கள். துத்தத்தைக் குரலாக்கினால் நடபைரவி, உழையைக் குரலாக்கினால் சங்கராபரணம், இளியிலிருந்து கரகரப்பிரியா, விளரியிலிருந்து தோடி, தாரத்திலிருந்து கல்யாணி. கைக்கிளையில் மட்டும் பஞ்சமம் கிடைக்காமல் இரண்டு மத்திமத்தோடு நிற்கும். படித்தால் குழம்புகிற விஷயம், காதால் கேட்டால் பத்து நிமிடத்தில் பிடிபடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு குரல் என்பது ஷட்ஜமா மத்திமமா என்ற பழைய சண்டையை இரண்டு பெரியவர்கள் மேடையிலேயே ஆரம்பித்துவிட, மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்திருந்த கேள்விகளுக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது. சண்டை வேண்டியதுதான், ஆதாரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போடலாமே.

பெரிய ஏமாற்றம் நூலகப் பயணம். அழைப்பிதழில் போட்டிருந்தார்கள், கடைசி நேரத்தில் ரத்து, காரணமும் சொல்லவில்லை. தஞ்சை சரஸ்வதி மகாலோ தரமணி ரோஜா முத்தையா நூலகமோ, போய்ப் பட்டியலைப் புரட்டி எதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஒருவர் கூட இருந்து காட்டுவதற்கு ஈடாக எந்த ஸ்லைடும் கிடையாது.

கட்டணம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மதியச் சாப்பாடு சேர்த்து. சாப்பாடு நன்றாகவே இருந்தது. தங்க இடம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் அடி. பதிவு செய்து முதல் வருடத்தில், தலைப்பு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது போங்கள். ஆய்வேட்டை முடிக்கிற கட்டத்தில் இருப்பவர்கள் பிரதர்சினி அமர்வுக்கும் இசைத்தட்டு அமர்வுக்கும் மட்டும் அனுமதி கேட்டுப் பாருங்கள், என்னோடு வந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். தொடக்க விழாவுக்கு வருகைப்பதிவு எடுப்பதில்லை.